வழிக்கிணற்றுக் கல்லும் எங்கள் மாப்பிள்ளையும்

எங்கள் மாப்பிள்ளை சாமியப்பனைப் பற்றி நல்லூர்ப் பக்கம் இரண்டு விதமாகப் பேசுவார்கள். கல்லைப் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்தவர் என்பார்கள் சிலர். சாமியைப் பொய் என்று சொல்லி, சாமி குத்தத்தில் மாட்டிக்கொண்டவர் என்பார்கள் மற்றவர்கள். அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. நடந்தது என்னவென்று முழுசாகத் தெரிந்தவர்களில், வாய் திறந்து சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். நானும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தால் அது வேறு பாவம். இருக்கிற பாவமே எனக்குப் போதும்.

என் பெயர் கந்தவேல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் தங்கை கமலாம்பாளைக் கட்டியவர் சாமியப்பன். இரண்டு வீடுமே தறிக்காரக் குடும்பங்கள். தறியை விட்டு நான் கத்திரியைப் பிடித்தேன், அவர் சைக்கிளைப் பிடித்தார். தையல் கோணியது, ஓட்டை விழுந்தது என்று கம்பெனிகள் கழித்துப் போடும் செகண்ட்ஸ் பனியன்களை மூட்டையாக வாங்கி, கேரியரில் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்பார். மூலனூர், கொமரலிங்கம் என்று தூரத்துச் சந்தைகளுக்குப் போவதானால் பஸ்ஸின் தலையில் மூட்டையோடு சைக்கிளையும் ஏற்றிவிடுவார்.

சந்தை கலைந்ததும் மற்ற வியாபாரிகள் டீக்கடைக்கோ வீட்டுக்கோ போவார்கள். இந்த மனுஷர் மட்டும் பழைய கட்டிடம் தேடிப் புறப்பட்டுவிடுவார். இடிந்த மண்டபம், புதர் மூடிய கோட்டைச் சுவர், காட்டு நடுவில் சாய்ந்து கிடக்கும் வீரக்கல், எதுவானாலும் சரி. கொமரலிங்கத்தில் ஆற்றோரக் கோயில் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு மத்தியானம் பூராவும் நிற்பாராம். நான் கொடுத்த பழைய இஞ்சு டேப்பால் தூணைச் சுற்றி அளந்து, ஏதோ தூணுக்கு பனியன் தைக்கப் போகிறவர் மாதிரி நோட்டில் குறித்துக்கொள்வார். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு கிழிந்த புத்தகத்தில் அந்தக் காலத்து எழுத்துக்களின் பட்டியல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஏழெட்டு வருஷம் தானாகவே முட்டி மோதிப் படித்தார். அட, எங்கள் சாதிசனத்தில் யாருக்கும் இல்லாத கிறுக்கு! "பனியன் வித்துக் கல்லுப் பாக்கறீங்க மாப்ளே, கல்லு வித்துப் பனியன் பாக்கற காலம் வந்தாச் சொல்லுங்க" என்று நான் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். "பாக்கறதுக்குக் காசா பணமா மச்சான்" என்பார்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அவர் கண்ணில் அந்தக் கல் பட்டது.

நல்லூரைத் தாண்டினால் காங்கயம் ரோட்டிலிருந்து தெற்கே ஒரு வண்டிப்பாதை பிரியும். ரோடு போடுவதற்கு முன்னால் அதுதான் பெரிய வழியாம். அந்தப் பாதையோரம் ஒரு நாலுகால் மண்டபம், அதை ஒட்டி ஒரு கிணறு. வழிக்கிணறு என்று சொல்வார்கள். சுற்று வட்டாரமெல்லாம் உப்புத் தண்ணீர்தான். இந்தக் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி தண்ணீர். கூப்பிடு தூரத்தில் ஒரு வளவு, முப்பது குடிசை. காட்டு வேலைக்கும் சலவைப் பட்டறைக்கும் போகிற சனம். ஊருக்குள் இருக்கிற கிணறுகளில் அவர்களை ஒரு குடம் மொள்ள விடமாட்டார்கள். ஏனென்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான். வழிக்கிணற்றுக்கு மட்டும் சொந்தக்காரன் என்று யாரும் இல்லை. அதனால் தடுக்கவும் ஆள் இல்லை. முப்பது குடும்பத்துக்கும் குடிக்கிற தண்ணீர் அது ஒன்றுதான்.

மண்டபத்துக்குப் பின்பக்கம் இடுப்புயரக் கல் ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. சாமியப்பன் மண்ணைத் தோண்டி, தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவினார். எழுத்து இருந்தது, ஆனால் தேய்ந்துபோய்க் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சுண்ணாம்புப் பொடி கொண்டுபோயிருந்தால் அதை அப்பியிருப்பார். மறந்துவிட்டார். மடியில் திருநீற்றுப் பை இருந்தது. முருகா என்று அந்தத் திருநீற்றை அள்ளிக் கல் முழுக்கத் தேய்த்துத் துடைத்தார். எழுத்தின் பள்ளத்தில் திருநீறு தங்கி, வெள்ளை வெளேரென்று வரிகள் தெரிந்தன. கல்லுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாய்க்குள் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை போனார்.

மூன்றாவது ஞாயிறு நேராக என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பல். நோட்டைப் பிரித்து எனக்கு வாசித்தார். நான் இன்றைக்கும் வரி தப்பாமல் சொல்வேன்: "இந்தப் பெருவழியிலே நடந்து வந்த பேருக்கெல்லாம் தண்ணீர் குடிக்க வெட்டுவித்த கிணறு. இன்ன சாதி இன்ன குலம் என்று கேளாமல் விடக்கடவது. இதை மறித்தவன் கங்கைக் கரையிலே காராம் பசுவைக் கொன்ற தோஷத்திலே போகக்கடவான்." முந்நூறு வருஷத்துக்குக் குறையாத கல் என்றார். வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் காட்டினார், பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேரிடம் காட்டினார். கல்வெட்டுப் படிக்கிற சர்க்கார் ஆபீசுக்குத் தபால் எழுதினார்.

ஒரு கல்லு சாமியாவதற்கு அந்தத் திருநீறு போதாதா? அது போதும் என்று எங்களுக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். நாமும் அந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே. ஒரு கல் பளிச்சென்று கழுவித் திருநீறு பூசி நிற்கிறது. அதன் முன்னால் ஒருத்தர் வாரா வாரம் வந்து உட்கார்ந்து வாயை முணுமுணுக்கிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

வளவில் மருதாள் என்று ஒருத்தி. நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. ஐந்து வயதில் ஒரே பெண், சுப்பாத்தாள். அந்தக் குழந்தைக்கு விஷக் காய்ச்சல். இருபது நாளாகப் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வந்தாள், மருந்து கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் மொள்ள வந்தவள் கல்லில் இருந்த திருநீற்றை ஒரு சிட்டிகை வழித்துக்கொண்டு போய்க் குழந்தையின் நெற்றியில் பூசினாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்து அப்போதுதான் வேலை செய்ததோ என்னவோ, தாய்க்காரியிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா?

அதே சமயத்தில் மண்டபத்தை ஒட்டிய புஞ்சைக் காட்டை எங்கள் முதலாளி வேலுமணி விலைக்கு வாங்கினார். ஆமாம், நான் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளியேதான். துணி வெளுக்கும் சலவைப் பட்டறை போடத் திட்டம். துணி வெள்ளையாக வர உப்பில்லாத தண்ணீர் வேண்டும். அவர் வாங்கியது காட்டை அல்ல, கிணற்றைத்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அஸ்திவாரத்துக்கென்று மண்டபத்துப் படிக்கல் இரண்டைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். எழுத்துக் கல்லையும் நாளைக்கு உடைத்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கல்லிடம் போயிருந்தபோது மருதாள் அகல் விளக்கோடு வந்தாள். பக்கத்தில் குழந்தை.

"ஏனுங் பனியன்காரரே, இது என்ன சாமிங்க? எம் புள்ளையக் காப்பாத்திக் குடுத்துச்சுங்க. பேரு தெரியாம எப்புடிங்க கும்புடறது?"

சாமியப்பன் ஒரு நிமிஷம் கல்லைப் பார்த்தாராம், பெயர்த்த படிக்கல் இருந்த குழியைப் பார்த்தாராம். பிறகு சொன்னார்: "கன்னிமாரு சாமி மருதா. நெம்பப் பழைய சாமி. இது மேல யாரும் கடப்பாரை வெக்கக் கூடாதுன்னு வளவுல அல்லாருத்துகிட்டயும் சொல்லு."

என்னிடம் வந்து இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன காரியம் பண்ணீட்டு வந்திருக்கறீங்க மாப்ளே! எழுத்தைச் சாமின்னு சொல்லீட்டு வந்திருக்கறீங்களே! கல்லுல இன்னது எழுதியிருக்குதுன்னு அந்தப் பொம்பளைகிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"அதைச் சொன்னா அவங்களுக்கு என்னங்க மச்சான் புரியும்? எழுத்துப் படிக்கத் தெரிஞ்ச சனமா? எழுத்துன்னா ஒரே அடியில ஒடைச்சுப் போடுவானுங்க. சாமின்னா எந்தக் கொம்பனும் கை வெக்க மாட்டான். ஆபீசுல இருந்து ஆளு வர்ற வரைக்கும் சாமியாவே இருக்கட்டும்."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கடப்பாரைக்காரர்கள் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. ஒரு வகையில் ஜெயித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன். மடையன்.

ஆறே மாதம். வெள்ளிக்கிழமை தோறும் கல்லுக்கு எண்ணெய்க் காப்பு, மஞ்சள், குங்குமம். காய்ச்சல் தீர்த்த கன்னிமார் என்று பேச்சுப் பரவி, ஊருக்குள்ளிருந்தும் பெண்கள் வந்தார்கள். அவர்கள் வந்து கும்பிடும்போது வளவுப் பெண்கள் குடத்தோடு பத்தடி தள்ளி நின்றார்கள். முதலில் கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு வெகு நேரம் நின்றார்கள். அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கல்வெட்டு ஆபீசிலிருந்து ஒரு கார்டு வந்தது: கல்லில் எண்ணெயோ சுண்ணாம்போ படாமல் பார்த்துக்கொள்ளவும், தை மாதத்துக்குப் பிறகு ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கமலாம்பாள் சொன்னாள். மெல்லக் கல்லைத் துடைக்கலாம் என்று துணியோடு போனவரை வளவுப் பெண்களே தடுத்துவிட்டார்கள். ஆண்பிள்ளை கன்னிமாரைக் கழுவக் கூடாதாம். தை போய் மறு தையும் போனது, கல்வெட்டு ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை.

அறுபத்தைந்து கடைசியில் வேலுமணி வேலையைத் தொடங்கினார். கிணறு தன் சர்வே நம்பருக்குள் வருகிறது, வளவுக்காரர்கள் இனி மொள்ளக் கூடாது, மோட்டார் வைக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். வளவில் ஒப்பாரிதான். மாப்பிள்ளைதான் ஓடினார். தாசில்தாருக்கு மனு எழுதினார். மருதாள் முதல் கைநாட்டு வைத்தாள், பின்னால் இருபத்தேழு பேர். வழிக்கிணறு பொதுக்கிணறு, அதற்குக் கல்லே சாட்சி என்று எழுதியிருந்தார். கைநாட்டு வைத்தவர்களுக்கு அதை அவர் படித்துக் காட்டவில்லை. தாசில்தார் நல்ல மாதிரி. மாசி மாதம் பத்தாம் தேதி நேரில் வந்து கல்லைப் பார்க்கிறேன், கல்லில் அப்படி இருந்தால் யாரும் மறிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். முப்பது குடும்பத்தின் தண்ணீரும் அந்த ஒரு கல்லின் மேல் நின்றது.

இனிச் சொல்லப் போவது என் வாயால் வர வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

மனுக் கொடுத்த நாலாம் நாள் முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். கட்டிங் மாஸ்டருக்கு முதலாளி டீ வரவழைத்தால் அதில் என்ன கலந்திருக்கும் என்று யோசிக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை.

"ஏனுங் மாஸ்டர், மனு எழுதினது உங்க மாப்பிள்ளைதானுங்களே? கல்லு சாட்சின்னு எழுதியிருக்கறாராமா. சாமிக் கல்லு எப்புடிங்க சாட்சி சொல்லும்?"

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். எனக்கு இரண்டு பெண்கள், கல்யாண வயது. முதலாளியைப் பகைத்துக்கொண்டு வேலை போனால் என்ன செய்வேன் என்ற பயம் ஒரு பக்கம். என் மாப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரர் தெரியுமா என்ற பெருமையும் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது சாமி இல்லை, எழுத்து. திருநீறு பூசியது மாப்பிள்ளை. கல்லில் எழுதியிருப்பது இன்னது. வரி தப்பாமல் சொன்னேன்.

வேலுமணி டீயைக் குடித்து முடித்தார். பிறகு சிரித்தார். "அப்படிங்களா. நாங் கூட அதை ஒடைச்சுப் போடலாமான்னு இருந்தேன். வேண்டாமுங்க. சாமின்னு சனம் சொல்லுது, சாமியாவே இருக்கட்டும். நாம எடுத்துக் கட்டீரலாமுங் மாஸ்டர்."

அந்த வாரமே கன்னிமாருக்குக் கோயில் எடுப்பதாக ஊரில் அறிவித்தார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு பூசாரியை வைத்தார். செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துக் கல் முழுக்க விரல்கனத்துக்கு அப்பினார்கள். மேலே வெள்ளிக் கண்மலர் இரண்டு, அரக்கு வைத்து ஒட்டினார்கள். பட்டுப்பாவாடை கட்டினார்கள். எழுத்து இருந்த இடத்தில் இரண்டு கண் முழித்துப் பார்த்தது.

மாசி பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு தாசில்தார் ஜீப்பில் வந்தார். ஊரும் வளவும் கூடி நின்றன. முதலாளிக்குப் பின்னால் நானும் நின்றேன். அவர்தான் வரச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை ஒரு சட்டியில் புளியும், சுடுதண்ணீரும், தேங்காய் நாருமாக வந்திருந்தார். நோட்டைப் பிரித்துத் தாசில்தாரிடம் காட்டினார்.

"நோட்டுல யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் எழுதலாமுங்க. கல்லைக் காட்டுங்க" என்றார் தாசில்தார்.

"இதுக்கடியிலதானுங்க எழுத்து இருக்குது. செந்தூரத்தைக் கழுவினாத் தெரியுமுங்க. கால் மணி நேரம் குடுங்க."

கழுவுவதா! கூட்டம் கொதித்துவிட்டது. பூசாரி குறுக்கே விழுந்தார். கைகலப்பு ஆகிவிடும் போலிருந்தது. தாசில்தார் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டு மாப்பிள்ளையிடம் கேட்டார்: "ஒரே வார்த்தையில சொல்லுங்க. இது சாமியா, கல்லா?"

மாப்பிள்ளை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கல்லுங்க. சாமின்னு மொதல்ல சொன்னது நாந்தானுங்க. எழுத்தைப் படிக்கறதுக்குத் திருநீறு பூசினேன். ஒடைச்சுருவாங்கன்னு பயந்து கன்னிமாருன்னு பொய் சொன்னேன். இது இவங்க தண்ணிக்கு எழுதிக் குடுத்த கல்லுங்க."

எவ்வளவு பேர் முன்னால் தன் வாயால் தன்னைப் பொய்யன் என்று சொன்னார்! எனக்குத் தெரிந்து அந்தத் தைரியம் எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. ஒரு ஈ காக்காய் நம்பவில்லை. பைத்தியம் என்றான் ஒருத்தன். கல்லால் அடி என்றான் இன்னொருத்தன். அப்போதுதான் மருதாள் முன்னால் வந்தாள். மனுவில் முதல் கைநாட்டு அவளுடையது. வந்தவள் கல்லுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"பொய்யா இருந்தா எம் புள்ள எப்புடிங்க பொழைச்சுது? சொல்லுங்க பனியன்காரரே. நீங்கதானுங்க எனக்குப் பேரு சொல்லிக் குடுத்தீங்க. இப்ப நீங்களே கழுவறேங்கறீங்களே. எஞ் சாமி மேல கை வெக்க உடமாட்டேனுங்க."

"தண்ணி போயிரும் மருதா" என்றார் மாப்பிள்ளை.

"எங்க சாமி எங்களுக்குத் தண்ணி குடுக்காமப் போயிருமுங்களா?" என்றாள் அவள்.

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து இருப்பது தெரிந்த ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன்தான் என்று அவருக்கு நினைப்பு. 'மச்சான், ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று அவர் கண் கேட்டது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். என் பக்கத்தில் வேலுமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தாசில்தார் எதையோ எழுதினார். வழிபாட்டிலுள்ள தெய்வம், தொட்டால் கலகம் வரும், மனுதாரர்களே ஆட்சேபிக்கிறார்கள், மனு தள்ளுபடி. ஜீப் போய்விட்டது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

ஐப்பசிக்குள் கோயில் எழும்பிவிட்டது. மண்டபம், கிணறு எல்லாம் உள்ளே வரும்படி ஆளுயரத்துக்கு மதில், இரும்புக் கேட். கும்பாபிஷேகத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. மருதாள் ஒரு கையில் விளக்கும், இடுப்பில் குடமுமாகப் போனாள். கேட்டிலேயே பூசாரி நிறுத்தினார். விளக்கை வெளியே வைத்துவிட்டுப் போ என்றார். தண்ணீர் என்று கேட்டாளாம். சாமி கிணற்றில் உங்களை விடச் சொல்கிறாயா என்று அவர் பதில் கேட்டாராம். அபிஷேகத்துக்கு ஒரு குடம் போக மீதித் தண்ணீரெல்லாம் குழாய் வழியாகப் பட்டறைக்குப் போனது. நான் வெட்டிய துணியெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வெளுத்து வந்தது. நல்ல வெள்ளை, குறை சொல்ல முடியாது.

வளவுப் பெண்கள் தெற்கே வறண்ட ஓடைப் பள்ளத்தில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தார்கள். பட்டறைக் கழிவும் அதே பள்ளத்தில்தான் இறங்கியது. வடிகட்டிக் குடித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? மறு வருஷம் சித்திரையில் வளவில் வாந்தி பேதி கண்டது. ஒன்பது நாளில் நாலு குழந்தைகள் போய்விட்டன. மூன்றாவதாகப் போனது சுப்பாத்தாள். ஒன்பது வயது. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. மருதாள் அவளைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது கோயில் கேட்டுக்குத்தான். திருநீறு கேட்டு இரும்பைப் பிடித்து உலுக்கினாளாம். கேட் பூட்டியிருந்தது.

செய்தி கேட்ட அன்றிலிருந்து மாப்பிள்ளை சைக்கிளை எடுக்கவில்லை. மூட்டை அப்படியே கிடந்தது. நான் தினம் சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். கமலாம்பாள் என்னைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "அண்ணா, ஏதாச்சும் சொல்லுங்கண்ணா, ஒருவாய் சோறு தின்னு மூணு நாளாச்சு" என்பாள். நான் என்னத்தைச் சொல்வது?

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருதாள் திருப்பூருக்கு நடந்தே வந்துவிட்டாள். வாசலில் வந்து நின்றாள். நானும் இருந்தேன். கமலாம்பாள் உள்ளே கூப்பிட்டாள். அவள் வரவில்லை, படிக்குக் கீழேயே உட்கார்ந்தாள். திட்ட வந்திருக்கிறாள், சபிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது.

"ஏனுங் பனியன்காரரே, அந்தக் கல்லுல என்னமோ எழுதியிருக்குதுன்னீங்களே. அது என்னன்னு ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுப் போயிடறனுங்க."

மாப்பிள்ளை எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தார். பெருவழி, விடக்கடவது, தோஷத்திலே போகக்கடவான் என்று கல்லில் இருந்தபடியே படித்தார். நிறுத்தி நிறுத்திப் படித்து முடித்தார்.

"எனக்குத் தெரியறாப்புல சொல்லுங்க."

"இந்த வழியில வர்ற எல்லாத்துக்கும் குடிக்கறதுக்குத்தான் இந்தக் கெணறு. என்ன சாதின்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. தடுக்கறவன் பசுவைக் கொன்ன பாவத்துல போவான்."

மருதாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் மருதா."

"இது எனக்குப் புரியுதுங்களே" என்றாள். "இது புரியறதுக்கென்னங்க? அன்னிக்கு வெளக்கோட வந்து, இது என்னங்கன்னு உங்ககிட்டத்தானே கேட்டேன். இப்புடிச் சொல்லியிருந்தீங்கன்னா நானே புளி போட்டுத் தேச்சுத் தேச்சு வெச்சிருப்பேனுங்களே. தாசில்தாரு வர்றப்ப நானே காட்டியிருப்பேனுங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிற மாதிரி அவரைப் பார்த்துக் கேட்டாள். மாப்பிள்ளை நோட்டை மூடினார். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "போயிட்டு வாறனுங்க" என்று எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அந்தக் கல்லுல இருக்கறது மொதலாளிக்கு எப்புடிங்க மச்சான் தெரிஞ்சுது? தெரிஞ்சுதானே செந்தூரம் பூசியிருக்கறான். நான் படிச்சவங்ககிட்டத்தானே காட்டினேன். அதுல யாரு போய்ச் சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தா என்று ஒவ்வொருத்தராகச் சொல்லி, குமாஸ்தாவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். ஆமாம், அவனாகத்தான் இருக்கும் என்றேன் நான். அதற்குப் பிறகு அவர் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். அந்தக் குமாஸ்தாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சொல்லவில்லை.